யதார்த்தவாதமும் தாராண்மைவாதமும்: யாழ்ப்பாணத்தில் கைமாறும் ஒரு நோட்ஸ் தொகுப்பு வாங்கத் தகுந்ததா?

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுப்பவர்களும் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தவர்களும் யாழ்ப்பாணத்தில் புத்தகத்தைவிட நோட்ஸையே நம்பிப் படிக்கிறார்கள். சர்வதேச உறவுகள் பற்றித் தமிழில் நல்ல நூல்கள் குறைவு என்பதால் அதில் தவறொன்றும் இல்லை. இங்கே மதிப்பிடுவது போட்டோக்கொப்பிக் கடைகளில் சுருள்கம்பி போட்டு விற்கப்படும் அப்படியான ஒரு தொகுப்பை. சர்வதேச உறவுகளின் இரண்டு கோட்பாடுகளை அது விளக்குகிறது: அரசுகள் அதிகாரத்தையும் பாதுகாப்பையும் தேடிப் போட்டியிடுகின்றன என்னும் யதார்த்தவாதம், வர்த்தகம், நிறுவனங்கள், உள்நாட்டு ஆட்சி ஆகியவற்றால் ஒத்துழைப்பு சாத்தியம் என்னும் தாராண்மைவாதம். ஏ4 அளவு, ஏறத்தாழ 60 பக்கம். எழுதியவர் பெயரோ ஆண்டோ இல்லை. ஆகவே ஆளை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். யதார்த்தவாதப் பகுதிக்காக இதை வாங்கலாம். தாராண்மைவாதப் பகுதியைத் திருத்தாமல் மனப்பாடம் செய்யக்கூடாது. கடைசியில் இருக்கும் இரண்டு நிரல் ஒப்பீட்டு அட்டவணையை அறவே தவிர்க்க வேண்டும். பிள்ளைகள் முதலில் பாடமாக்குவது அந்த அட்டவணையைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

யதார்த்தவாதப் பகுதியின் வரிசை சரியாக அமைந்திருக்கிறது. துசிடிடீஸ், மாக்கியவெல்லி, ஹொப்ஸ் என்ற பழைய சிந்தனையாளர்களிலிருந்து தொடங்கி 1948இல் வெளிவந்த ஹான்ஸ் மோர்கென்தோவின் நூலுக்கும், 1979இல் வெளிவந்த கென்னத் வோல்ட்ஸின் நூலுக்கும் வருகிறது. மோர்கென்தோ அதிகார வேட்கையின் வேரை மனித இயல்பில் தேடினார். வோல்ட்ஸ் மனித இயல்பை ஒதுக்கிவிட்டு, அரசுகளுக்கு மேலே அதிகாரம் செலுத்த எவரும் இல்லாத அமைப்பிலிருந்து தொடங்கினார். இந்த வேறுபாடு தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு இக்கட்டு பற்றிய இரண்டு பக்கங்கள் தொகுப்பிலேயே சிறந்தவை. ஒரு நாடு தற்காப்புக்காகவே ஆயுதம் சேர்க்கிறது, அயல்நாட்டுக்கு அதன் உள்நோக்கம் தெரியாது, ஆயுதம் மட்டுமே தெரியும், அதுவும் சேர்க்கிறது, கடைசியில் இரண்டும் முன்பைவிடப் பாதுகாப்பு இழக்கின்றன. இந்தப் படிமுறையை அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பது நன்று.

இந்தப் பகுதியில் குறைகள் மூன்று. முதலாவது, வோல்ட்ஸையும், அவருக்குப் பின் வந்த யதார்த்தவாதியான ஜோன் மியர்ஷைமரையும் ஒரே கட்டத்துக்குள் போட்டது. வோல்ட்ஸின் பார்வையில் அரசு தேடுவது பாதுகாப்பை. அளவுக்கு மிஞ்சி அதிகாரம் சேர்த்தால் மற்றவர்கள் எதிராகச் சேருவார்கள். 2001இல் மியர்ஷைமர் சொன்னது வேறு: மற்றவர்களின் எண்ணத்தை உறுதியாக அறிய முடியாததால், பெரும் வல்லரசு தன் பிராந்தியத்தில் மேலாதிக்கம் கிடைக்கும்வரை அதிகாரம் தேடும். தற்காப்பு யதார்த்தவாதம், தாக்குதல் யதார்த்தவாதம் என்று பிரித்து எழுதாவிட்டால் விடையின் நடுப்பகுதியே சரிந்துவிடும். இரண்டாவது, பிரித்தானிய வரலாற்றாசிரியர் ஈ.எச். கார் என்பவரை முழு யதார்த்தவாதியாகக் காட்டியது. 1939இல் அவர் கற்பனாவாதத்தைக் கடுமையாக விமர்சித்தார் என்பது உண்மை. அதே நூலில், வெறும் யதார்த்தவாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அரசியல் செய்ய முடியாது என்றும் வாதிட்டார். மூன்றாவது குறைதான் பெரியது. சிறிய அரசுகள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பந்திகூட இல்லை. இலங்கையில் இருந்து படிப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அதுவல்லவா?

அந்த இடைவெளியை ஸ்டீபன் வோல்ட் (மேலே சொன்ன வோல்ட்ஸ் அல்ல, வேறொருவர்) 1987இல் முன்வைத்த அச்சுறுத்தற் சமநிலைக் கோட்பாட்டால் நிரப்பலாம். அரசுகள் சமப்படுத்துவது வெறும் பலத்தை அல்ல, அச்சுறுத்தலை. அச்சுறுத்தலை அளக்க நான்கு பார்வைகள்: மொத்தப் பலம், புவியியல் அண்மை, தாக்கும் திறன், உள்நோக்கம். இதற்கு உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கு அப்பால், இந்தியக் கரைக்கு அருகே உள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்சாரத் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. அது ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், போட்டிக் கேள்விப்பத்திர முறையில் வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அதே ஆண்டு டிசம்பரில் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் அதைச் செய்ய உடன்பாடு கையெழுத்தானது. அந்தத் தீவுகளில் காற்றாடியும் சூரியத் தகடும் பொருத்துவது எவருடைய படைப் பலத்தையும் கூட்டிவிடாது. டெல்லியைக் கவலைகொள்ளச் செய்தது அண்மையும், உள்நோக்கம் பற்றிய ஐயமும். வெறும் பலச் சமநிலை என்று எழுதினால் இந்த நிகழ்வு விளங்காது. வோல்டின் அளவுகோலை எடுத்தால் உடனே விளங்கும். யதார்த்தவாதப் பகுதியின் இறுதியில் இந்த ஒரு பந்தியைக் கையால் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

தாராண்மைவாதப் பகுதியில்தான் தொகுப்பு உண்மையில் கவிழ்கிறது. அமெரிக்க ஜனாதிபதி வில்சனின் 14 அம்சங்கள், முதலாம் உலகப் போருக்குப் பின் அமைந்த சர்வதேச சங்கம், அதன் தோல்வி, முடிவு. 1918இல் தொடங்கி 1939இல் இறந்துபோன ஒரு கோட்பாடு என்ற எண்ணமே படிப்பவருக்கு வரும். தாராண்மைவாதிகள் மனிதனை நல்லவன் என்று நம்புவோர் என்ற ஒரு வசனம் மூன்று இடத்தில் வருகிறது. அதைச் சிவப்புப் பேனையால் வெட்டுங்கள். 1984இல் றொபேர்ட் கியோஹேன் எழுதியது இதற்கு நேர்மாறு. அரசுகள் சுயநலமானவை, மேலே அதிகாரம் எதுவும் இல்லை என்ற யதார்த்தவாதிகளின் இரண்டு எடுகோள்களையும் அவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட பின்னும் ஒத்துழைப்பு சாத்தியம் என்று காட்டியதுதான் அவருடைய சாதனை. நிறுவனங்கள் அரசுகளுக்குக் கட்டளையிடுவதில்லை. யார் வாக்கைக் காப்பாற்றினார், யார் மீறினார் என்ற தகவலைத் தருகின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேரம் பேசும் செலவைக் குறைக்கின்றன. இன்று மீறினால் நாளை இழப்பு வரும் என்ற கணக்கை உண்டாக்குகின்றன.

பிரித்தானிய எழுத்தாளர் நோர்மன் ஏஞ்சல் பற்றிய வரியும் பிழை. போர் இனி நடக்காது என்று அவர் 1910இல் சொன்னதாகவும் 1914 அவரைப் பொய்யாக்கியதாகவும் எழுதப்பட்டிருக்கிறது. பொருளாதாரங்கள் பின்னிக்கிடக்கும் உலகில் போரில் வென்றாலும் இலாபம் இல்லை என்பதே அவரது வாதம். நடக்காது என்பதும் பயன் தராது என்பதும் வேறு வேறு.

இந்தப் பகுதியைச் சீர்செய்ய மூன்று இழைகளாகப் பிரித்துக்கொள்வது போதும். வர்த்தகம் போரின் விலையைக் கூட்டுகிறது என்பது ஒன்று. 1977இல் கியோஹேனும் ஜோசப் நையும் சொன்ன சிக்கலான பரஸ்பரத் தங்குநிலை, அதாவது நாடுகள் பல வழிகளில் ஒன்றையொன்று சார்ந்திருப்பது, இதன் வளர்ச்சி. நிறுவனங்கள் பற்றியது இன்னொன்று. உள்நாட்டு ஆட்சிமுறை பற்றியது மூன்றாவது: 1795இல் தத்துவஞானி கான்ட் குடியரசுகளைப் பற்றிச் சொன்னதை எடுத்து, தாராண்மை ஜனநாயகங்கள் ஒன்றோடொன்று போர் புரிவதில்லை என்று 1983இல் மைக்கல் டொயில் வாதிட்டார். ஜனநாயகங்கள் அமைதியானவை என்று டொயில் எங்கும் சொல்லவில்லை. ஜனநாயகமல்லாத நாடுகளோடு அவை தாராளமாகவே சண்டையிட்டிருக்கின்றன. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய 1999 கார்கில் போரை எதிர் உதாரணமாகத் தொகுப்பு தருகிறது, நல்ல தெரிவு. ஆனால் பாகிஸ்தானில் அப்போது தெரிவான அரசு இருந்தும் இராணுவம் உண்மையில் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்ற மறுவாதத்தையும் சேர்த்து எழுதினால்தான் அந்த உதாரணம் நிற்கும்.

கைதியின் இக்கட்டு என்பது, மற்றவர் என்ன செய்வார் என்று தெரியாமல் இருவர் ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று தெரிவுசெய்யும் விளையாட்டு. அதன் புள்ளி அட்டவணையில் ஒரு எண் பிழை இருக்கிறது. சிறிய பிழைதான், ஆனால் முழு வாதத்தையும் மாற்றிவிடுகிறது. இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 5, மற்றவர் ஒத்துழைக்கும்போது நான் ஏமாற்றினால் எனக்கு 3 என்று அச்சாகியிருக்கிறது. அப்படியானால் ஏமாற்ற எவருக்கும் காரணமே இல்லை. மற்றவரும் வேட்டையில் நிற்பார் என்ற உறுதி மட்டும் போதுமான, ரூசோவின் மான் வேட்டை விளையாட்டாக அது மாறிவிடுகிறது. சரியான வரிசை: ஏமாற்றுபவருக்கு 5, இருவரும் ஒத்துழைத்தால் 3, இருவரும் ஏமாற்றினால் 1, ஏமாந்தவருக்கு 0. இப்போது கணக்குப் பார்த்தால், மற்றவர் எதைச் செய்தாலும் ஏமாற்றுவதே எனக்கு இலாபம். இருவரும் அப்படியே நினைத்தால் 3க்குப் பதில் 1தான் மிஞ்சும். ஒரே தடவை விளையாடினால் இதிலிருந்து தப்ப வழியில்லை. முடிவு தெரியாமல் திரும்பத் திரும்ப விளையாடினால் வழி உண்டு. நிறுவனங்கள் பற்றிய வாதம் முழுவதும் நிற்பது இந்த இடத்தில். அட்டவணையைப் பரீட்சையில் வரைபவர்கள் எழுதி முடித்ததும் 5, 3, 1, 0 என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டைப் பாக்கு நீரிணை மீன்பிடிக்குப் பொருத்தச் சொல்லித் தொகுப்பு ஒரு பயிற்சியும் தருகிறது. பயிற்சி நல்லது, தரப்பட்ட மாதிரி விடை நல்லதல்ல. இரு நாடுகளும் சமமாக ஏமாற்றக்கூடிய நிலை அங்கே இல்லை. இராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருவன கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடிப் படகுகள். வடக்கில் பெரும்பாலோர் சிறு கண்ணாடியிழைப் படகில் வலை போடுபவர்கள். 1974, 1976 உடன்பாடுகள் கடல் எல்லையை வகுத்துவிட்டன. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. 2016இல் இரு நாட்டுக் கூட்டுச் செயற்குழுவும் அமைந்தது. விதியும் உண்டு, பேசுவதற்கு மேடையும் உண்டு. இருந்தும் அத்துமீறல் நிற்கவில்லை. ஏன்? உடன்பட்டவை அரசுகள், கடலுக்குப் போவது தனியார் படகுகள். படகு உரிமையாளரின் கடனும் தமிழ்நாட்டு அரசியலும் டெல்லியின் கையைக் கட்டுகின்றன. உள்நாட்டு நலன்களே வெளியுறவை உருவாக்குகின்றன என்ற தாராண்மைவாத இழை இங்கே நிறுவன இழையை வெட்டுகிறது. ஒரே கோட்பாட்டுக்குள்ளேயே இரண்டு இழைகள் எதிரெதிராக இழுக்கக்கூடும் என்பதை எந்த நோட்ஸிலும் காண்பது அரிது. இதை எழுதும் மாணவரைத் திருத்துபவர் நிச்சயம் கவனிப்பார்.

இனி அந்த ஒப்பீட்டு அட்டவணை. இடப்பக்கம் 'போர், அவநம்பிக்கை, அதிகாரம்', வலப்பக்கம் 'சமாதானம், நம்பிக்கை, ஒழுக்கம்'. இப்படிப் பிரித்தால் ஒப்பீடே இல்லாமல் போகிறது, ஏனெனில் இரண்டு பக்கமும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கேள்விகளை இடப்பக்கத்தில் எழுதுங்கள். மேலதிகாரம் இல்லாத நிலை எதைத் தடுக்கிறது? அரசு கவலைப்படுவது தனக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதையா, மற்றவரைவிட எவ்வளவு கூடக் கிடைக்கிறது என்பதையா? ஆட்சியில் யார் இருக்கிறார் என்பது வெளிக்கொள்கையை மாற்றுமா? நிறுவனம் அரசின் நடத்தையை மாற்றுகிறதா, அல்லது பலமானவரின் விருப்பத்தைப் பதிவு மட்டும் செய்கிறதா? இந்த நான்கும் போதும். முதற் கேள்வியில் இரு தரப்பும் எவ்வளவு தூரம் உடன்படுகின்றன என்பதையும் குறிக்க வேண்டும். சண்டை உண்மையில் இரண்டாவதில்தான் தொடங்குகிறது.

கேள்விகளை ஒரு நிகழ்வின்மேல் வைத்துப் பார்க்காமல் ஒப்பீடு முழுமையாகாது. தொகுப்பு 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அரைப் பக்கத்தில் 'பிராந்திய வல்லரசின் தலையீடு' என்று கடந்துபோகிறது. யாழ்ப்பாணத்தில் அச்சான தொகுப்பொன்று இப்படிக் கடந்துபோவது வருத்தமளிக்கிறது. இரண்டு கோட்பாடுகளையும் அருகருகே வைத்துச் சோதிக்க இதைவிடச் செழிப்பான நிகழ்வு எங்களுக்குக் கிடையாது.

ஆவணத்திலிருந்தே தொடங்கலாம். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட பிரதான உடன்பாடு வடக்கு, கிழக்கு மாகாணங்களை ஒரே அலகாக இணைப்பது, கிழக்கில் சர்வஜன வாக்கெடுப்பு, தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி என்று உள்நாட்டு விடயங்களைப் பேசுகிறது. அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்கள் வேறொன்றைப் பேசுகின்றன: இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் வழங்கக்கூடாது, திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டு முயற்சியாக நடத்த வேண்டும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவு வேலைக்குப் பயன்படாதபடி மீளாய்வு செய்ய வேண்டும். கடிதங்களை மட்டும் வாசித்தால் வோல்ட்ஸ் எழுதியது போலிருக்கும். உடன்பாட்டை மட்டும் வாசித்தால் தமிழ்நாட்டு மக்களின் உணர்வை டெல்லி சுமந்து வந்தது போலிருக்கும்.

எது எதை விளக்குகிறது என்று பிரிக்கக் காலவரிசைதான் உதவும். 1987 ஜூன் 4இல் மிராஜ் 2000 போர் விமானங்களின் துணையோடு இந்தியாவின் ஏஎன்-32 சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதி போட்டன. இலங்கையால் தடுக்க முடியவில்லை. வேறெந்த நாடும் துணைக்கு வரவும் இல்லை. பலத்தின் இடைவெளி முடிவைத் தீர்மானித்தது. ஒரு ஜனநாயகம் இன்னொரு ஜனநாயகத்தின் வான்பரப்பை மீறிய சம்பவமும் இதுவே. ஆனால் அது இரு அரசுகளுக்கிடையிலான போராக மாறவில்லை என்பதால் டொயிலின் வாதத்தை உடைக்கவில்லை, கீறலாக மட்டும் நிற்கிறது. அதே ஆண்டு ஒக்டோபரில், உடன்பாட்டின்கீழ் இலங்கைக்கு வந்திருந்த இந்திய அமைதிப் படை விடுதலைப் புலிகளோடு சண்டையைத் தொடங்கியது. தமிழ்நாட்டு உணர்வே கொள்கையை இயக்கியது என்றால், அந்த உணர்வு எதிராகத் திரும்பிய பிறகும் படை 2 ஆண்டுக்கு மேல் இங்கே நின்றது ஏன்? இங்கே யதார்த்தவாதம் பலமாக நிற்கிறது. ஆனால் வெளியேற்றத்தை அது சரியாக விளக்காது. பிராந்தியப் பலச் சமநிலையில் பெரிதாக எதுவும் மாறவில்லை, மாறியவை அரசாங்கங்கள். 1989 ஜனவரியில் பிரேமதாச ஜனாதிபதியானார், அதே மாதம் தமிழ்நாட்டில் திமுக ஆட்சிக்கு வந்தது, டிசம்பரில் வி.பி. சிங் பிரதமரானார். 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவும் போய்விட்டது. நுழைவுக்கு இரண்டு கோட்பாடும் வேண்டும், தங்கியதற்கு யதார்த்தவாதம், வெளியேற்றத்துக்குத் தாராண்மைவாதம். இந்த மூன்று கட்டப் பிரிப்பை எழுதுபவருக்கு அட்டவணை தேவைப்படாது.

ஜெனீவா பற்றிய பக்கத்தில், அதாவது ஐ.நா. மனித உரிமைப் பேரவை அங்கே இலங்கை குறித்து நிறைவேற்றிய தீர்மானங்களைப் பற்றிய பக்கத்தில், தரவுப் பிழைகள் இருப்பதால் அதையும் திருத்தியாக வேண்டும். 2012இல் இந்தியா வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை என்று இருக்கிறது. அப்படியல்ல. 2012இல் தீர்மானம் 24க்கு 15 என்று நிறைவேறியபோதும், 2013இல் 25க்கு 13 என்று நிறைவேறியபோதும் இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. 2014இல் 23க்கு 12 என்ற வாக்கெடுப்பில்தான் ஒதுங்கிநின்றது. 2021இலும் (22க்கு 11) 2022இலும் (20க்கு 7) அப்படியே. 2009 மேயில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோடு தெரியும். 2013 மார்ச்சில், அந்த ஆண்டு வாக்கெடுப்புக்குச் சற்று முன், திமுக மத்திய கூட்டணியிலிருந்து வெளியேறியது. கூட்டணி அழுத்தம் சூடாக இருந்தபோது ஆதரவு, அது தணிந்தபின் ஒதுங்கல் என்று ஒரு வாசிப்பு உண்டு. சர்வதேச விசாரணை என்ற முன்னுதாரணத்தை இந்தியா தன் இறைமைக்காக விரும்பவில்லை என்பது மற்ற வாசிப்பு. இரண்டையும் எழுதுங்கள். 2015இல் பொறுப்புக்கூறல், நல்லிணக்கம் பற்றி இலங்கை தானே இணை அனுசரணை வழங்கிய 30/1 தீர்மானமும், 2020இல் அதிலிருந்து விலகியதும் ஆட்சிமாற்றத்தோடு நடந்தவை; உள்நாட்டு அரசியலை முன்வைக்கும் தாராண்மைவாதிகளுக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 2010இல் இழந்த ஜிஎஸ்பி பிளஸ் என்ற ஏற்றுமதி வரிச் சலுகையை, 27 சர்வதேசச் சமவாயங்களை நடைமுறைப்படுத்தும் நிபந்தனையோடு, 2017 மேயில் ஐரோப்பிய ஒன்றியத்திடம் திரும்பப் பெற்றதையும் இதனோடு சேர்க்கலாம். தொகுப்பில் அது இல்லவே இல்லை.

அச்சுத் தரம் சுமார். நடுப்பக்கங்கள் சிலவற்றில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, வாங்குமுன் புரட்டிப் பாருங்கள். மோர்கென்தோவின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதால் மூன்று பேர் என்று புதியவர் நினைக்க இடமுண்டு.

பரீட்சைக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது என்றால், கோட்பாட்டு அறிமுகத்தை விடையின் கால்பங்குக்கு மேல் போகவிடக் கூடாது. பிள்ளைகள் புள்ளி இழப்பது பெரும்பாலும் இங்கேதான்: துசிடிடீஸ் தொடக்கம் வரலாறு எழுதி நேரம் முடிந்துவிடும், ஒப்பீடு கடைசி ஆறு வரியில் திணிக்கப்படும். எழுதத் தொடங்குமுன் ஒரு நிகழ்வைத் தெரிந்து, அதில் ஒரே கேள்வியை வரையறுத்து, ஒவ்வொரு கோட்பாடும் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்திருக்கும் என்பதை ஒவ்வொரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உண்மையில் நடந்ததை வைத்து எந்த எதிர்பார்ப்பு பொய்த்தது என்று எழுதுங்கள். பொய்த்த இடத்தைச் சொல்லாத விடை இரண்டு கோட்பாடுகளையும் புகழ்ந்துவிட்டு நிற்கும்.

உயர்தர மாணவர் யதார்த்தவாதப் பக்கங்களையும் ஜெனீவா பக்கத்தையும் மட்டும் கொப்பி எடுத்து, மேலே சொன்ன திருத்தங்களை ஓரத்தில் எழுதிக்கொண்டால் போதும். வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவருக்கு இந்தத் தொகுப்பு போதாது. வோல்ட்ஸையும் கியோஹேனையும் மூலத்திலேயே, குறைந்தது ஒவ்வொரு அத்தியாயமாவது, வாசிக்க வேண்டியிருக்கும். அடுத்த பதிப்பு வந்தால் முதலில் கைதியின் இக்கட்டு அட்டவணையையும் 2012 வாக்களிப்பு வரியையும் பாருங்கள். அவை திருத்தப்பட்டிருந்தால் மட்டும் முழுத் தொகுப்பையும் வாங்குங்கள்.